ஜப்தியில் கிடந்த வீடு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரம் நின்ற ஒன்றரை சென்ட் இடத்தை விற்றுவிடலாம் என்று அப்பா முடிவு செய்தது, நான் பி.காம். முடித்த கோடையில். எனக்கு பி.எட். படிக்க இடம் கிடைத்திருந்தது. பணம் கட்ட ஒரு மாதம் அவகாசம். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும், அம்மாவுக்கு அதுவும் தெரியாது. எங்கள் உறவில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். அதனால் இடம் கைவிட்டுப் போவதில் யாருக்கும் வருத்தம் இல்லை. அம்மாவுக்கு மட்டும் முருங்கைக்காகக் கொஞ்சம் மனத்தாங்கல்.

வாங்க இருந்தவர் அடுத்த வீட்டு அத்தை. உறவில்லை, தெருவழக்கத்தில் அத்தை. அவர் கணவர் களம்பூர் அரிசி மில்களுக்கு லாரி ஓட்டிச் சம்பாதித்து, வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்பியிருந்தார். மாடி வந்துவிட்டது, படி வைக்க இடமில்லை. மூங்கில் ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வில்லங்கம் மட்டும் ஒண்ணு போட்டுப் பாத்துக்கலாம்ணா" என்றார் அத்தை. "சும்மா பேருக்குத்தான். எங்க ஊட்டுக்காரு அது இல்லாம பைசாவ வெளிய எடுக்க மாட்டாரு."

அப்பா சிரித்தார். "என் ஊட்ல இன்னா வில்லங்கம்? நானும் என் பொண்டாட்டியும்தான்."

"அது ஊருக்கே தெரியுமே" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

வில்லங்கச் சான்று என்பது பத்திரப் பதிவு அலுவலகத்தில் கொடுப்பது. ஒரு வீடோ மனையோ யாருக்கு விற்கப்பட்டிருக்கிறது, யாரிடம் அடமானத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் அதில் வரிசையாக எழுதியிருப்பார்கள். நான்தான் மனு எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து நான்தான் வாங்கி வந்தேன். வாசலில் நின்று, அத்தை, அத்தையின் கணவர், அப்பா, அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தேன். அதை இன்று நினைத்தால் கூசுகிறது. படிக்கத் தெரிந்தவள் என்கிற மிதப்பில் முன்கூட்டி ஒரு முறை மனதுக்குள் படித்துப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. சர்வே எண், நான்கு எல்லை, தாத்தா பெயரில் கிரயம் என்று வாசித்துக்கொண்டே போன என் வாய், கடைசி வரியில் நின்றது.

நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், கடன் கொடுத்தவரின் பெயர். தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக மேற்படி சொத்து முழுவதும் ஜப்தி செய்யப்பட்டிருக்கிறது.

"இன்னாம்மா நிறுத்திட்ட?" என்றார் அத்தையின் கணவர். தாளை என் கையிலிருந்து வாங்கி அவரே படித்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அத்தையின் முகம் மாறியது.

"ஜப்தியில கீற எடத்தையா எங்க தலையில கட்டப் பாத்தீங்க?"

"அந்தக் கடன நான் எப்பவோ கட்டிட்டேன்மா" என்றார் அப்பா.

"கட்டியிருந்தா இதுல எப்புடி இருக்கும்? கெவுருமெண்டு பொய்யா எழுதும்?"

"கட்டிட்டேன்மா. மொத்தமும் கட்டிட்டேன்."

"ரசீது வெச்சிகினு கீறீங்களா?"

ரசீது இல்லை. அத்தையின் கணவர் தாளை நான்காக மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் தெரு முழுக்க, அப்பா ஜப்தி மனையை மறைத்து விற்கப் பார்த்தார் என்று ஆகிவிட்டது.

அப்பா அந்தக் கடனைக் கட்டினார் என்பதற்கு நான் சாட்சி. கோர்ட்டில் செல்லாத சாட்சி. ஆனாலும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது குழித்தறி. தரையைத் தோண்டி, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிப்பது. எங்கள் தெரு தாழ்வானது. கார்த்திகை மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறி, மாதக்கணக்கில் தறி நின்றுவிடும். தரையை மூன்றடி உயர்த்தினால் ஒழிய வழியில்லை என்று, தான் நெய்துகொண்டிருந்த முதலாளியிடம் அப்பா முன்பணம் வாங்கினார். முதலாளி என்றால் தறியில் ஏற்றும் நீள இழைகளான பாவும், பட்டும் ஜரிகையும் கொடுத்து, புடவையை வாங்கிக்கொண்டு, கூலி தருகிறவர். முன்பணத்துக்கு ஒரு புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டார். தரை உயர்ந்தது. அடுத்த வருடமே கூலி தாழ்ந்தது. இந்தப் புடவையில் பழுது, அந்தப் புடவையில் கறை என்று ஒவ்வொன்றிலும் பிடித்தம். பொறுக்க முடியாமல் அப்பா வேறொரு முதலாளிக்கு நெய்யப் போனார். பழையவர் கோர்ட்டுக்குப் போனார்.

அடுத்து நடந்தது எங்கள் தெருவில் மட்டும்தான் நடக்கும். கோர்ட் காகிதத்தைக் கையால் வாங்கினால் கடனை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், வாங்காவிட்டால் வழக்கே இல்லை. இது எங்கள் தெருவில் எல்லோருக்கும் உறுதியாகத் தெரிந்திருந்த சட்டம். காகிதம் கொண்டுவரும் கோர்ட் அமீனாவின் சைக்கிள் தெருமுனையில் திரும்பியதும், முதல் வீட்டுக்காரர் தறியை நிறுத்துவார். அதைக் கேட்டு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஒரு நிமிடத்தில் தெருவே அடங்கிவிடும். தறிச் சத்தம் இல்லையென்றால் வீட்டில் ஆம்பளை இல்லை என்று அர்த்தம். அப்பா குழியை விட்டு எழுந்து பின்கதவு வழியாக முருங்கை மரத்தடிக்குப் போய்விடுவார்.

அமீனாவுக்கும் இதெல்லாம் தெரியும். எங்கள் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "பலகையில உக்காந்த சூடு கூட ஆறல, ஆளு எங்கம்மா?" என்றார்.

"கலசப்பாக்கத்துல ஒரு சாவுங்க. போயிருக்காரு" என்றார் அம்மா.

"போன வாரமும் கலசப்பாக்கத்துல சாவுன்ன. அந்த ஊர்ல ஆளு மிச்சம் கீதா?"

தெருவே கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தது. நானும் சிரித்தேன். அமீனா கோபப்படவில்லை. பையிலிருந்து பசையை எடுத்து, காகிதத்தைக் கதவில் ஒட்டிவிட்டு, இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்டு, யாரும் போடாததைக் குறித்துக்கொண்டு போனார். மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா தண்ணீர் தெளித்து அந்தக் காகிதத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம்.

கதவில் ஒட்டினால் கையில் கொடுத்த மாதிரிதான் என்று எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. அப்பா வராததால், முதலாளி தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு ஆனது. அசல், வட்டி, செலவு. அதன் பிறகும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தது தமுக்கு அடித்தபோது.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தேன். எங்கள் வாசலில் ஒருவர் தமுக்கு அடித்துக்கொண்டிருந்தார். அதே அமீனா, இந்த முறை சிரிக்காமல், அப்பாவின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் சொல்லி, இந்த வீட்டை இனி விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ கூடாது, யாரும் வாங்கவும் கூடாது என்று உரக்கப் படித்தார். என்னோடு படித்த பெண்கள் நின்று பார்த்தார்கள். அப்பா இந்த முறை ஓடவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தறி?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

"தறிய தொட மாட்டோம்பா. தொழில் செய்யற சாமானை ஜப்தி பண்ணக் கூடாதுன்னு சட்டம். ஊடு மட்டும்தான்."

தறியைத் தொட மாட்டார்களாம். தறி என்பது நான்கு மரமும் ஒரு பலகையுமா? குழி இல்லாமல் தறி ஏது? அந்தக் குழி வீட்டுத் தரையில் இருக்கிறது. வீடு போனால் குழியும் போகும். குழியை விட்டுவிட்டுத் தறியைக் காப்பாற்றுகிற சட்டத்தை எழுதியவர் எந்த ஊரில் தறியைப் பார்த்தாரோ.

அன்று சாயங்காலமே அப்பா பழைய முதலாளி வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து நெசவு செய், கூலியில் கழித்துக்கொள்கிறேன், அதுவரை ஏலத்துக்குக் கொண்டுவர மாட்டேன் என்றார் முதலாளி. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு புரோநோட்டும் எழுதி வாங்கிக்கொண்டார். நாலு வருடம். புடவைக்குப் பாதிக் கூலி. அப்பா எப்போதாவது முகம் சுளித்தால் முதலாளி சொல்வாராம்: "உன் ஊடு என் கையில கீதுப்பா. நெனப்பு இருக்கட்டும்." நான் எட்டிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தது அந்தப் பாதிக் கூலியில். ஒவ்வொரு புடவைக்கும் அப்பா நிலைக்கட்டையில் ஆணியால் ஒரு கோடு கிழிப்பார். பள்ளிக்குக் கிளம்பும்போது அவற்றை எண்ணிவிட்டுப் போவது என் வழக்கம்.

கடன் தீர்ந்த வருடம் ஆயுத பூஜையன்று சீட்டுக் கிழித்தார்கள். இது எங்கள் தொழிலில் ஒரு பெரிய மரியாதை. அன்று யாரும் நெய்வதில்லை. கடனைத் தீர்த்த நெசவாளி குளித்து வேட்டி கட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போவார். வெற்றிலை பாக்கு வைத்த தட்டில் முதலாளி புரோநோட்டைக் கொண்டுவந்து, நாலு பேர் பார்க்கக் கிழித்து, துண்டுகளை நெசவாளி கையில் கொடுப்பார். அந்தத் துண்டுகளை வீட்டில் வைத்திருந்தால் கடன் திரும்பி வரும் என்பார்கள். அதனால் அன்றே அடுப்பில் போட்டுவிட வேண்டும். அப்பா போட்டார். அம்மா அந்த நெருப்பில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். நாங்கள் சாப்பிட்டோம்.

முதலாளி கிழித்தது இரண்டாவது நோட்டு. முதலாவது கோர்ட்டில் வழக்குக் கட்டோடு கிடந்தது. அதைக் கிழிக்க அவராலும் முடியாது. கடன் தீர்ந்தது என்று கோர்ட்டுக்கு ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஊரறியக் கிழித்தவர் அதைச் செய்யவில்லை.

வில்லங்கச் சான்று வந்த மறுநாள், அதைக் கேட்க நானே முதலாளி வீட்டுக்குப் போனேன். அப்பா வரவில்லை. "அவரு மறந்திருப்பாரு. மரியாதையா கேளு" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

கூடத்தில் முதலாளி வெள்ளை மெத்தை விரித்து, சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெளியூர் வியாபாரிகளுக்குப் புடவை பிரித்துக் காட்டும் மெத்தை. ஓரமாக ஒரு மர பெஞ்சு, நெசவாளிகளுக்கு. நான் நின்றேன்.

"யாரு, நம்ம முருங்கைமரத்து ஊட்டுப் பொண்ணா? வளந்துட்டியே. படிச்சிகினு கீறன்னாங்க."

"படிச்சி முடிச்சிட்டேங்க." சான்றை நீட்டினேன். "அந்த ஜப்தி இன்னும் எங்க வீட்டு மேல இருக்குதுங்க. கடன் தீர்ந்துபோச்சுன்னு நீங்க கோர்ட்டுல எழுதிக் குடுக்கணும்."

அவர் தாளை வாங்கவில்லை. "எந்தக் கேஸும்மா?"

நான் சொன்னேன். அவர் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். "நம்ம கேஸா அது?"

"நம்முதாங்க. அந்த வருஷம் ஏழெட்டு போட்டோம். அதுல ஒண்ணு."

"அடடே" என்றார் முதலாளி. உண்மையாகவே வியந்தார். அதுதான் என்னைச் சுட்டது. எங்கள் வாசலில் தமுக்கு அடித்ததும், நாலு வருடப் பாதிக் கூலியும், அவருக்கு நினைவில் இல்லை. வேண்டுமென்றே கெடுத்திருந்தால்கூட, எங்களை ஒரு பொருட்டாக நினைத்தார் என்றாவது இருந்திருக்கும்.

"நான்தான் அப்பவே சீட்டுக் கிழிச்சிட்டேனேம்மா."

"அது வேற சீட்டுங்க. கோர்ட்டுக்கு அது தெரியாது."

"அதுக்கு நான் கோர்ட் படி ஏறணுமா? இந்த வயசுல? ஒரு தறிக்காரனுக்காக?" கொஞ்சம் யோசித்தார். "சரி, ஒண்ணு பண்ணு. ஐப்பசி முகூர்த்தத்துக்கு எனக்குத் தறி பத்தல. உங்க நைனாவ ரெண்டு பாவு எடுத்துகினு போவச் சொல்லு. நெய்ஞ்சு முடிச்சதும் எங்க வேணா கையெழுத்துப் போடறேன்."

"கூலி?"

"கூலி இன்னாம்மா கூலி. வக்கீல் பீஸுன்னு வெச்சிக்க."

"கட்டின கடனுக்கு மறுபடியும் நெய்யணுங்களா?"

"படிச்ச பொண்ணு, கோவம் வருது" என்றார் கணக்குப்பிள்ளையிடம். "அதுக்கு ஒரு டம்ளர் மோர் குடு."

நான் மோர் குடிக்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா தலையாட்டினார். "ரெண்டு பாவுதான? மூணு மாசம். நெய்ஞ்சி குடுத்துட்டுப் போறேன், பேஜார் விட்டுது."

"நைனா, நீ அந்த ஊட்டுப் பாவ இந்தத் தறியில ஏத்தினா, நான் பி.எட்.டும் போவ மாட்டேன், ஒண்ணும் போவ மாட்டேன்."

"யாருக்குடி நஷ்டம்?" என்றார் அம்மா.

"போவட்டும்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நான் கட்டிட்டேன்னு அவரு வாயால ஒரு வார்த்தை சொன்னாரா?" என்று கேட்டார்.

"சீட்டுக் கிழிச்சிட்டேன்னாரு."

"கட்டிட்டான்னு சொல்லலியா?"

"இல்ல."

அவர் எழுந்து போய் தறியில் உட்கார்ந்தார். பாவு எடுத்துவரப் போகவில்லை.

நான் கோர்ட் வளாகத்துக்குப் போனேன். யாரைத் தெரியும் எனக்கு? வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் போய் நின்றேன். அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"பேரு வேணாம் பாப்பா, கேஸ் நம்பர் சொல்லு. இங்க ஆளுக்குப் பேரு கிடையாது."

நம்பரைச் சொல்லி, நடந்ததையெல்லாம் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, "தீர்ப்பு ஆன கடன வெளிய கட்டினா, முப்பது நாளைக்குள்ள கோர்ட்டுல சொல்லிப் பதிஞ்சிடணும்மா" என்றார். "இல்லன்னா வெளிய நீ கோடி குடுத்தாலும் கோர்ட்டுக்குக் காது கேக்காது."

"அப்ப எங்க நைனா நெய்ஞ்சது?"

"நெய்ஞ்சது நெய்ஞ்சதுதான். கணக்குல வராது."

அவரிடம் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். விவசாயி, கூலி வேலை செய்கிறவர், வீட்டு வேலையாள், இவர்கள் குடியிருக்கிற சொந்த வீட்டைக் கடனுக்காக ஜப்தி செய்யக் கூடாது என்று அதே சட்டத்தில் இருக்கிறதாம். நான் குரலை உயர்த்திவிட்டேன்.

"எங்க நைனா கூலிக்குத்தானே சார் நெய்ஞ்சாரு!"

"கூலிக்காரர்தான்னு வாதாடியிருக்கலாம். நெசவாளி அதுல சேருவாரா மாட்டாரான்னு ஜட்ஜு முடிவு பண்ணியிருப்பாரு. சொல்றதுக்கு ஆளு வந்திருந்தாத்தானே?"

முருங்கை மரத்தடியில் ஒளிந்து நின்ற அப்பாவை நினைத்தேன். அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. தெரு மேலும், சிரித்த என் மேலும். ஆனால் படிக்கத் தெரியாதவருக்குக் காகிதத்தை ஒட்டிவிட்டுப் போவதை, 'தகவல் கொடுத்தாயிற்று' என்று எழுதிக்கொள்கிற ஏற்பாட்டின் மேல் வந்த கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

ஜப்தி மனு பின்னால் என்ன ஆனது என்று முதலில் பார்ப்போம் என்றார் குமாஸ்தா. அதற்கு அந்த உத்தரவின் நகல் வேண்டும். நகல் மனு போட்டால், அதற்கு எத்தனை ஸ்டாம்புத் தாள் வேண்டும் என்று கோர்ட் சுவரில் ஒரு பலகையில் எழுதிப் போடுவார்கள். போட்ட மூன்று நாளில் தாள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மனு போய்விடும். எப்போது போடுவார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தினமும் போய்ப் பார்ப்பதுதான் வழி. நான் தினமும் போனேன். பலகைக்கு முன்னால் வேட்டி கட்டிய ஆட்கள் கழுத்தை நீட்டி நிற்பார்கள். படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார்கள். பத்து நாளுக்குள் அவர்களில் பாதிப் பேருக்கு நான்தான் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் என்னைக் கோர்ட் ஊழியர் என்றே நினைத்து, இரண்டு ரூபாய் கொடுக்க வந்தார்.

பி.எட். பணம் கட்டக் கடைசி நாள் அந்தப் பலகைக்கு முன்னால்தான் போனது. கல்லூரிக்கு எழுதிக்கூடப் பார்க்கவில்லை.

நகல் வந்தது. ஒரே பக்கம். ஜப்தி மனு போட்ட முதலாளியும் வரவில்லை, அவர் வக்கீலும் வரவில்லை, ஆகவே மனு தள்ளுபடி. தேதியைப் பார்த்தேன். தமுக்கு அடித்து எட்டு மாதம் கழித்து.

"மனு தள்ளுபடி ஆச்சுன்னா, ஜப்தியும் அன்னைக்கே போச்சு" என்றார் குமாஸ்தா. "ஜப்தி தொடரணும்னு ஜட்ஜு தனியா எழுதியிருந்தாத்தான் நிக்கும். எழுதல பாரு."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே. பத்திர ஆபீசுக்குச் சொல்ல யாரும் மெனக்கெடல. அவ்ளோதான்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அப்பாவிடம் 'உன் வீடு என் கையில்' என்று சொல்லிச் சொல்லி முதலாளி பாதிக் கூலிக்கு நெய்ய வைத்த நாலு வருடத்தில், முதல் எட்டு மாதம் போக, வீடு அவர் கையில் இல்லை. யார் கையிலும் இல்லை. கடன் இருந்தது, அதைக் கட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பயத்துக்கு ஆதாரமே இருக்கவில்லை. அப்பா நிமிர்ந்து நின்று முழுக் கூலி கேட்டிருக்கலாம், வேறு இடத்தில் நெய்து கட்டியிருக்கலாம். இல்லாத பூட்டுக்குப் பயந்து, திறந்து கிடந்த வீட்டுக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தோம்.

குமாஸ்தாவின் வக்கீல் ஒரு மனு போட்டார். முதலாளிக்கு நோட்டீஸ் போனது. அவர் வரவில்லை. என் அப்பா வராதபோது வீடு ஜப்திக்குப் போனது. அவர் வராததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தீபாவளி கழிந்து, ஜப்தி முடிந்துவிட்டது என்று பத்திர அலுவலகத்துக்குக் கோர்ட்டிலிருந்து கடிதம் போனது. புதிய வில்லங்கச் சான்று வாங்கினேன். பழைய வரி அப்படியே இருந்தது. அதன் கீழே, ஜப்தி நீங்கியது என்று இன்னொரு வரி. இந்த முறை முன்கூட்டிப் படித்துவிட்டுத்தான் அப்பாவிடம் போனேன்.

உத்தரவையும் சான்றையும் படித்துக் காட்டினேன். அப்பா தறியிலிருந்து காலை எடுக்காமலேயே கேட்டார். முடிந்ததும், "இதுல நான் கட்டிட்டேன்னு எங்க கீது?" என்றார்.

"அது இல்ல நைனா. அவரு வராததால தள்ளுபடின்னு கீது."

"அப்ப படிக்கிறவன் இன்னா நெனைப்பான்? கடங்காரன் தப்பிச்சிகினான்னுதான?"

அவர் கேட்டது சரி. இரண்டு அலுவலகங்கள், மூன்று மனுக்கள், ஒரு தீர்ப்பு, ஒரு தள்ளுபடி. இதில் எந்தத் தாளிலும் அவர் கட்டினார் என்பது இல்லை.

அத்தை திரும்பி வந்தார். படி இல்லாமல் ஏணியிலிருந்து அவர் மகன் விழுந்து கையை ஒடித்துக்கொண்டிருந்தான். ஜப்தி பட்ட மனை என்று விலையைக் குறைத்தார். அம்மா முருங்கைக்காய்க்குத் தனி விலை கேட்டு, மரம் நிற்கிற வரைக்கும் காய் எங்களுக்கும் என்று பேசி முடித்தார். அடுத்த ஆண்டு பி.எட். சேர அந்தப் பணம் போதும் என்றிருந்தது, சேர்ந்தேன்.

பத்திரம் எழுதியவர் அனுபவசாலி. மடமடவென்று எழுதிக்கொண்டே போனார். சொத்தில் எந்த வில்லங்கமும் இல்லை என்று விற்பவர் உறுதி கூறும் இடம் வந்தபோது நான் நிறுத்தினேன்.

"இங்க ஒண்ணு சேக்கணுங்க. மேற்படி வழக்குக் கடன் முழுவதையும், எழுதிக் கொடுப்பவராகிய எங்க அப்பா, நாலு வருஷம் நெசவு செஞ்சு, கூலியில கழிச்சுக் கட்டித் தீர்த்திருக்காருன்னு எழுதுங்க."

"அதான் ஜப்தி போயிடுச்சேம்மா. இது இல்லாமலே பத்திரம் பதிவாவும்."

"தெரியும். எழுதுங்க."

"இன்னா பாப்பா, பத்திரத்துல கதை எழுதச் சொல்ற?"

"உண்மையத்தான் எழுதச் சொல்றேன்."

அவர் அப்பாவைப் பார்த்தார். வழக்கமாக இப்படிப்பட்ட இடங்களில் அப்பா, "விடும்மா" என்பார். அன்று சொல்லவில்லை. "எழுதுங்க" என்றார்.

பதிவாளர் முன்னால் பத்திரம் போனபோது, அவரும் அந்த வரியில் நின்றார். "இது எதுக்கு?" என்று கேட்டார். நான் பேச வாயெடுத்தேன். அப்பா என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"நான் கட்டினதுங்க" என்றார். "எங்கியும் எழுதல. அதான்."

பதிவாளர் கண்ணாடி வழியாக ஒரு முறை அவரைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடச் சொன்னார். அப்பா நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார்.

அந்த வரியால் பத்திரத்துக்கு ஒரு தாள் கூடிப்போனது. அந்தத் தாளுக்கான காசைத் தன்னால் தர முடியாது என்றார் அத்தை. அது அவருடைய பொறுப்பில்லை, நியாயம்தான். நான் கொடுத்தேன்.